அந்த மனிசன் பாடின பாட்டு

நான் பாட்டுக்காரன் இல்லை. பாட்டுக்காரர்களுக்கு மைக் கட்டிக் கொடுத்தவன். அரியாலையில் எங்கள் வீட்டோடு சேர்ந்த ஒரு கொட்டிலில் றேடியோ, அம்பிளிபயர், கசெற் பெட்டி எல்லாம் திருத்திக்கொண்டிருந்தேன். எந்த வயரை எதோடு கொழுவினால் சத்தம் வரும் என்பதற்கு மேல் எனக்குச் சங்கீதம் தெரியாது. தெரிந்த அந்த ஒன்றிலும் ஒரு பிழை விட்டேன். தங்கள் கெட்டித்தனத்தைப் பற்றி எழுத ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அந்தப் பிழையைப் பற்றி எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் குருநகரிலிருந்து மூன்று இளைஞர்கள் என்னிடம் வந்தார்கள். மூன்று பேரும் கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள், கோயில் பாடற்குழுவில் வளர்ந்தவர்கள். தேவாலயத்தை அவர்களும் கோயில் என்றுதான் சொல்வார்கள். ஒருவன் கிற்றார், ஒருவன் டிரம், மூன்றாமவன் பாட்டு. கப்பலில் வேலை செய்த மச்சான் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஹெவி மெற்றல் கசெற் ஒன்றை என் மேசையில் வைத்து, இந்தச் சத்தம் எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். போட்டுக் கேட்டேன்.

"ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சுது, அதுதான் உப்பிடி இரையுது," என்றேன்.

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த இரைச்சலை வெள்ளைக்காரன் காசு செலவழித்துச் செய்கிறான் என்று பாடகன்தான் எனக்கு விளங்கப்படுத்தினான். இரைச்சலை இல்லாமல் செய்வதற்கே அதுவரை கூலி வாங்கியவன் நான். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு பழைய வால்வு றேடியோவைக் கழற்றி, கிற்றாரை அதற்குள்ளால் விட்டு, அளவுக்கு மீறித் திருகிவிட்டேன். கொட்டிலின் தகரம் அதிர்ந்தது. பக்கத்து வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதைத் தேடிப் பிடித்துக் கொண்டுவர நாலு பேரும் ஒன்றாகப் போனோம். அன்றிலிருந்து நான் அவர்களுடைய ஆள் ஆகிவிட்டேன்.

பாடகனின் குரல் மெல்லியது, உயரமானது. மற்றவர்கள் மூச்சு முட்டி நிற்கிற இடத்தில் அவன் தொடங்குவான். உச்சத்தில் குரல் உடையும். உடைந்த இடத்திலிருந்து இன்னும் மேலே ஏறும். மெற்றல் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை, ஆனால் அந்தக் குரல் பிடித்துப்போயிற்று.

அவனுடைய தகப்பனுக்கு அது பிடிக்கவில்லை. தகப்பன் லேசுப்பட்ட ஆள் அல்லர். வருசம் முழுவதும் கடலுக்குப் போகிறவர், தவக்காலம் வந்தால் யேசுவின் பாடுகளைச் சொல்லும் பழைய பசாம் பாட்டைக் கோயிலில் முன்னுக்கு நின்று பாடுகிறவர். அவர் அடிவயிற்றிலிருந்து எடுத்து இழுத்தால், பின்வரிசை வாங்குகளில் இருந்து ஊர்க்கதை கதைத்துக்கொண்டிருக்கும் சனமும் வாயை மூடிவிடும் என்பார்கள். மகன் பாடக் கேட்டால் அவர் சொல்வது ஒன்றுதான்.

"பாட்டு நெஞ்சுக்குள்ளாலை வரவேணும். நீ மூக்குக்குள்ளாலை கத்துறாய்."

மகன் என்னிடம் மட்டும் ஒரு நாள் சொன்னான். "ஒருக்கா அண்ணை, ஒரேயொருக்கா, நல்லாப் பாடினாய் எண்டு அப்பாவின்ரை வாயாலை வரவேணும். அதுக்குப் பிறகு நான் பாடாமல் விட்டாலும் பறவாயில்லை." இருபது வயதில் எல்லாருக்கும் இருக்கிற ஆசைதானே என்று நான் பெரிதாக எடுக்கவில்லை.

தொண்ணூறில் திரும்பவும் சண்டை மூண்டு மின்சாரம் போயிற்று. கடலுக்குப் போகத் தடை வந்தது. தகப்பன் வீட்டுக்குள் நடந்து திரிந்தார். கிழியாத வலையை எடுத்து வைத்துப் பொத்தினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்துதான் மகன் அந்தப் பாட்டை எழுதினான். "வலை காயுது, வள்ளம் காயுது, வயிறும் காயுது" என்று தொடங்கும். சரியான வேகம், சரியான கோபம். கேட்டு முடிய எதையாவது எட்டி உதைக்கவேண்டும் போல இருக்கும்.

வெளிநாட்டுக் குழுக்கள் முதலில் ஒரே ஒரு பாட்டைத்தான் வெளியிடும், அதற்குச் சிங்கிள் என்று பெயர் என அவன் எங்கோ படித்திருந்தான். தாங்களும் ஒரு சிங்கிள் விடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். பட்டணத்தில் ஒரு ரெக்கோடிங் பார் இருந்தது. கேட்ட பாட்டைக் கசெற்றில் பதிந்து கொடுப்பது அந்தக் கடையின் வேலை. தன் சொந்தப் பெயரிலும் கோயில் பாட்டுக் கசெற்றுகள் வெளியிட்டுக்கொண்டிருந்தது. முதலாளி சண்டிலிப்பாய்க்காரர், புகையிலை விளைவித்த குடும்பம். விபூதிப் பூச்சோடு இருந்து எங்கள் பாட்டைப் பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு பாட்டுக்கு ஒரு கசெற்றோ? ஒரு இடியப்பத்தை அவிச்சு வைச்சுக்கொண்டு ஆரும் சபைக்குப் பரிமாறுவினமோ?"

இருந்தாலும் அவர் ஓம் என்றார். சண்டையால் தெற்குக்குப் போகிற பாதை பூட்டியிருந்ததால் வெளியிலிருந்து புதுப் பாட்டு ஒன்றும் வரவில்லை. சனம் பழையதையே கேட்டு அலுத்துப்போயிருந்தது. பாட்டு கடைக்குச் சொந்தம் என்று ஒரு தாளில் மூவரிடமும் கையெழுத்து வாங்கினார். ஒருவரும் அதை வாசிக்கவில்லை. கண் எல்லாம் உள்ளறையில் நின்ற மைக்கில் இருந்தது.

பதிவு ஒரு சனிக்கிழமை காலை. உள்ளறைச் சுவர் முழுக்கச் சாக்குக் கட்டியிருந்தது. பின்வளவில் ஜெனரேற்றர். தண்ணீர் இறைக்கிற எஞ்சினை அதோடு பட்டியால் இணைத்து, மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். அதைப் பார்க்கிற பொறுப்பு எனக்கு. நான் நின்ற இடத்திலிருந்து யன்னலுக்குள்ளால் அறையின் பல்ப் தெரிந்தது. அம்பிளிபயர்களைப் போட்டதும் அது மங்கி, கோழிமுட்டைக் கரு நிறத்துக்கு வந்தது. நான் எஞ்சினைக் கொஞ்சம் கூட்டினேன். பல்ப் தெளிந்தது. இன்னும் கூட்டினேன். ஒரு வருசமாக ஒழுங்காக எரிகிற பல்ப் ஒன்றைக் காணாதவன் நான். போத்தல் விளக்கில் மூக்குக்குள் கரி பிடித்தவன். அந்தப் பல்ப் முந்திய காலம் போல வெள்ளையாக எரியும்வரை கூட்டிவிட்டு, இதுதான் கரண்ட் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அளந்து பார்க்கிற மீற்றர் என் கொட்டிலில் சும்மா கிடந்தது.

எஞ்சின் வேகமாக ஓடினால் மின்சாரமும் வேகமாகத் துடிக்கும். கடையிலிருந்த பெரிய பதிவு இயந்திரத்தின் மோட்டர் அந்தத் துடிப்பின் வேகத்துக்குத்தான் நாடாவை இழுக்கும். அன்று அது நாடாவை ஓட ஓட இழுத்தது. அப்படிப் பதிந்ததைப் பிறகு சரியான வேகத்தில் போட்டால் பாட்டு மெதுவாகும், குரல் தடிக்கும். எனக்குத் தெரியாத விசயம் அல்ல இது. பல்பைப் பார்த்த சந்தோசத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

பதிந்து முடிந்ததும், எஞ்சின் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கவே, போட்டுக் கேட்டோம். அச்சொட்டாக இருந்தது. பாடகன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முதலாளி மட்டும் காதைப் பொத்தினார். பனங்கட்டியோடு தேத்தண்ணீர் குடித்துவிட்டுச் சந்தோசமாக வீடு போனோம்.

மூன்று கிழமைக்குப் பிறகு முதலாளி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்க எஞ்சினைக் குறைத்து ஓட்டி அவரே கசெற்றுகளுக்குக் கொப்பி எடுத்திருந்தார். பற்றரியில் ஓடுகிற சின்னப் பெட்டியில் ஒன்றைப் போட்டார். கிற்றார் கோயில் மணி ஓய்கிற மாதிரி இழுபட்டது. டிரம் பிரேதத்தோடு நடப்பது போல நடந்தது. பிறகு யாரோ ஒரு பெரிய மனிதர், நெஞ்சு நிறைந்த துக்கத்தோடு, வலை காயுது என்று பாடினார்.

"இது ஆர்?" என்று பாடகன் கேட்டான். பகிடியாகக் கேட்கவில்லை.

"நீர்தான் தம்பி. எனக்கே கண் கலங்கிப்போச்சு. நீர் இப்பிடிப் பாடுவீர் எண்டு நான் நினைக்கேல்லை."

"நான் இப்பிடிப் பாடேல்லை."

முதலாளி சிரித்தார். எனக்கு அந்த நிமிடமே எல்லாம் விளங்கிவிட்டது. மற்றவர்களுக்குப் பிழை பிடிப்பதென்றால் என் வாய் ஓயாது. அன்று அது திறக்கவில்லை. திரும்பி வரும் வழியில், சைக்கிளை உருட்டிக்கொண்டு, பல்பின் கதையைச் சொன்னேன். அவன் என்னை ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே அண்ணை," என்றான்.

அடுத்த நாளே இரண்டு பேரும் கடைக்குப் போனோம். பிழை என்னுடையது, அன்று ஓட்டிய வேகத்திலேயே எஞ்சினை ஓட்டி இன்னொரு முறை கொப்பி எடுத்தால் சரியாகிவிடும், மண்ணெண்ணெய் நான் கொண்டு வருகிறேன் என்றேன். முதலாளி ஆறுதலாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சரியாத்தானே இருக்கு. அதை ஏன் பிழையாக்கப் போறியள்? அதோடை, பதிஞ்ச நாடாவும் இப்ப இல்லை. அதிலை திருவூஞ்சல் பதிஞ்சாச்சு."

சைவக் கோயிலில் சாமியை ஊஞ்சலில் வைத்துப் பாடுகிற பாட்டு. புது நாடா வருவதற்கு வழியில்லாத காலம். ஒன்றின் மேல் ஒன்றைப் பதிவது எல்லாரும் செய்ததுதான், நானும் செய்தேன். அதனால் வாய் திறந்து ஏசவும் முடியவில்லை. கொப்பியை வைத்தாவது திருத்துவோம் என்றால், வேகத்தை அப்படி மாற்றக்கூடிய இயந்திரம் அவருடைய கடையில் மட்டும்தான் இருந்தது. அதில் என்னைக் கை வைக்க விடமாட்டேன் என்றார். நான் விட்ட பிழைக்குப் பிறகு அதிலும் நியாயம் இருந்தது.

சரி, அட்டையில் பெயரையாவது போடுங்கள் என்று கேட்டான் பாடகன். தன் பெயரும் குருநகரும் மட்டும் போதும் என்றான். அட்டை, பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அடித்தது. கோடுகள்கூட அப்படியே தெரியும். தாள் தட்டுப்பாடு என்று முதலாளி முதலில் சாட்டுச் சொன்னார். பிறகு உண்மையைச் சொன்னார்.

"தம்பி, சனம் உதை இந்தியாவிலை ஆரோ பாடினது எண்டு கதைக்குது. நான் ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. உம்மடை பேரைப் போட்டால், ஓ, உவனோ எண்டு வைச்சிட்டுப் போவினம்."

"அப்ப நான் பாடினது எண்டு நானே சொல்லிக்கொண்டு திரியிறதோ?"

"சொல்லும். ஆர் மறிச்சது?"

நாங்கள் கையெழுத்து வைத்த தாளை முதலாளி எடுத்துக் காட்டவில்லை. காட்டத் தேவையும் இருக்கவில்லை.

பாட்டுக்கு நாங்கள் நினைக்காத ஒரு இடம் கிடைத்தது. செத்தவீடு. சைவ வீடு, வேதக்காரக் கிறிஸ்தவ வீடு என்ற வித்தியாசம் இல்லாமல் போட்டார்கள். முதலாளி வலு விண்ணன்; இரண்டு பக்கமும் அந்த ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் பதிந்து, செத்தவீட்டுக்கென்றே ஒரு கசெற் விட்டார். சிங்கிள் கேட்ட எங்களுக்குக் கிடைத்த சிங்கிள் அது. அதைக் கார் பற்றரியில் கொழுவி லவுட்ஸ்பீக்கரில் போடுகிற வேலை, ஊரில் வேறு ஆளில்லாததுபோல, எனக்கே வந்து சேர்ந்தது. அடுப்பு எரியவேண்டுமே, போட்டேன். ஒவ்வொரு முறையும் என் பிழையை ஊருக்கே கேட்கும்படி போட்டேன்.

குருநகரில் ஒரு செத்தவீட்டில்தான் தகப்பன் முதல்முறை அதைக் கேட்டார். என் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, கடைசி வரிவரை அசையாமல் கேட்டார்.

"ஆர் தம்பி இது பாடுறது?"

"உங்கடை மகன்தான் ஐயா."

"பகிடி விடாதை. என்ரை பிள்ளையின்ரை குரல் எனக்குத் தெரியாதே?"

எஞ்சின், நாடா, வேகம் என்று நான் எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். கூட்டாளிக்காகக் கதைக்கிறாய், நல்ல குணம் என்று என் தோளில் தட்டினார். அதற்குள் மகனும் அங்கே வந்துவிட்டான். "அப்பா, அது நான்தான்," என்றான். தகப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேள் உதை. நெஞ்சுக்குள்ளாலை வருது பார். பாடினால் அந்த மனிசன் மாதிரிப் பாடவேணும்."

இத்தனை வருசம் அவன் காத்திருந்த சொல் அவன் முன்னாலேயே வந்து வேறொருவனுக்குப் போயிற்று. நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இடத்திலேயே கசெற்றை இழுத்து எறிந்திருக்கலாம். செத்தவீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எறியவில்லை.

ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த இசைநிகழ்ச்சியில், அவன் அந்தப் பாட்டைத் தன் வேகத்தில், தன் குரலில் பாடினான். பாதியில் முன்வரிசைக்காரர் ஒருவர் எழும்பி, "தம்பி, இந்தியாக்காரன் அருமையாப் பாடின பாட்டை ஏன் கெடுக்கிறீர்?" என்று கேட்டார். சபை கைதட்டியது. அதன் பிறகு கொஞ்ச நாள் அந்தத் தடித்த குரலில் பாடப் பழகிப் பார்த்தான். தொண்டை புண்ணாகி, கொத்தமல்லி அவித்துக் குடித்ததுதான் மிச்சம். டிரம்காரன் வெளிநாடு போவதற்காக, பூட்டிய பாதையை விட்டு, கடலேரியை வள்ளத்தில் கடந்து போய்விட்டான். கிற்றாருக்குக் கம்பி இல்லை. சைக்கிள் பிறேக் வயரைப் பிரித்துக் கட்டிப் பார்த்தோம், கிற்றாரின் கழுத்துத்தான் வளைந்தது. குழு எப்போது முடிந்தது என்று ஒரு நாளைக் குறித்துச் சொல்ல முடியாது. பாடகன் தென்மராட்சியிலிருந்து சைக்கிளில் விறகு ஏற்றி வந்து விற்றான்.

தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் தகப்பன் படுக்கையில் விழுந்தார். நெஞ்சில் நீர் என்றார்கள். ஆசுப்பத்திரியில் மருந்து இல்லை. வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மகன் ஒரு மத்தியானம் என் கொட்டிலுக்கு வந்தான். அப்பா பாட்டுக் கேட்கவேண்டும் என்கிறார், ஏதாவது செய்யுங்கள் அண்ணை என்றான். பற்றரி என்ற சாமானைக் கண்ணால் கண்டு எத்தனையோ காலம். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில்தான் சனம் செய்தி கேட்டது. வயரும் நாலைந்து சில்லறைச் சாமானும் எடுத்துக்கொண்டு போனேன்.

தகப்பன் பாதியாகிப்போயிருந்தார். நான் வயர் கொழுவுகிற நேரத்தில் மகன் கட்டிலோரம் இருந்து, மெல்லிய குரலில், அந்தப் பாட்டைத் தானே பாடத் தொடங்கினான். அவ்வளவு பதமாக அவன் பாடி நான் கேட்டதில்லை. இரண்டு வரி போனதும் தகப்பன் கையை உயர்த்தினார்.

"நீ விடு அப்பன். உனக்கு மூச்சுக் காணாது. அந்த மனிசனைப் போடு."

மகன் நிறுத்தினான். நான் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சுற்றத் தொடங்கினேன். அவர்கள் வீட்டுக் கசெற் பெட்டி பழையது. வேகத்தை ஒரு நிலையில் வைத்திருக்கிற சாமான் அதில் எப்போதோ பழுதாகிவிட்டது. கை மெதுவாகப் போனால் மெதுவாகப் பாடும், விரைவாகப் போனால் விரைவாகப் பாடும். இரண்டு சுற்றில் எனக்கு அது பிடிபட்டது. நாலு வருசத்துக்கு முன் கெடுத்ததை இந்தக் கையாலேயே திருத்தலாம்.

கூட்டினேன். அந்த மனிசனின் குரல் மெலிந்தது, ஏறியது. பெரிய மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அவருக்குள்ளிருந்து அவன் வந்தான். கிற்றார் உறுமியது. டிரம் ஓடியது. வயிறும் காயுது என்ற இடத்தில் குரல் உடைந்து, உடைந்த இடத்திலிருந்து மேலே ஏறியது. சனிக்கிழமை காலை அந்த அறையில் பாடியவன் அப்படியே வந்துவிட்டான். மகன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு தகப்பனின் முகத்தைப் பார்த்தான். எனக்குத் தோள் விட்டுப்போயிற்று, ஆனாலும் விடாமல் சுற்றினேன். ஐயா, கேளுங்கள், இதுதான் உங்கள் பிள்ளை என்று மனதுக்குள் கத்திக்கொண்டு சுற்றினேன்.

தகப்பன் கண் திறந்தார். முகம் சுளித்தது.

"என்னடா, மனிசன்ரை குரல் கெட்டுப்போச்சு. ஆர் உதைச் சுத்துறது?"

நான் கையை விடவில்லை, பாட்டு தன் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. மகன் குனிந்து தகப்பனின் போர்வையைச் சரிசெய்தான். என் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"மெல்லச் சுத்துங்கோ அண்ணை."

மெல்லச் சுற்றினேன். குரல் இறங்கித் தடித்தது. "ஓம், உதுதான்," என்று தகப்பன் கண்ணை மூடிக்கொண்டார். மகன் அவருடைய காலைப் பிடித்துவிட்டபடி, பாட்டு முடியும்வரை, அந்த மனிசன் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.